வாசகர் கேள்வி - பதில்: டீசல் வேனின் புகைச் சென்சார்களும் பிழைக் குறியீடுகளும்

டீசல் வேன்களில் எரியும் மஞ்சள் எஞ்சின் விளக்கைப் பற்றிச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான வேன்களில், புகைக்குழாயை ஒட்டியே அழுத்தம், வெப்பம், நாக்ஸ் எனப்படும் நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றை அளக்கும் பல சென்சார்கள் இருக்கின்றன. கடிதங்களில் உள்ள குறியீடுகள் வெவ்வேறாக இருந்தாலும் நடந்தது பெரும்பாலும் ஒன்றுதான்: வண்டியின் கணினியோடு இணைத்துக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் ஒரு சென்சாரின் பெயர் வந்திருக்கிறது, அதையே வாங்கி மாட்டியிருக்கிறார்கள், பணம் செலவான பிறகு விளக்கு மீண்டும் எரிந்திருக்கிறது. எந்த இடத்தில் தனக்குக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்பதை மட்டுமே வண்டியின் கணினி குறியீட்டின் மூலம் சொல்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று அது சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை மனிதர்களுடையது, அந்த வேலைக்குப் பல நேரங்களில் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள காபித் தோட்டத்தில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் செல்ல ஒரு பிஎஸ்-6 டீசல் வேன் வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடியும் தறுவாயில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி2453 வந்தது. டிபிஎஃப் சென்சார் போய்விட்டது என்று புதியது போட்டார்கள். சில வாரங்களில் அதே குறியீட்டோடு பி2463 என்பதும் சேர்ந்துகொண்டது, வண்டி இழுக்கவும் மறுக்கிறது. இப்போது டிபிஎஃப் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா ஐயா?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: அந்த முடிவுக்கு வருவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் டிபிஎஃப் வாங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

இரண்டு குறியீடுகளும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் இருந்து இரண்டு சிறு குழாய்கள் ஒரு சென்சாருக்கு வருகின்றன. இரு பக்கத்து அழுத்தங்களின் வேறுபாட்டை அந்தச் சென்சார் அளக்கிறது. கரி சேரச் சேர வேறுபாடு கூடும். பி2453 என்றால், அந்தச் சென்சார் சொல்லும் அளவு எஞ்சின் ஓடும் நிலைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். பி2463 என்றால், வடிகட்டியில் கரி அளவு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பொருள். உங்கள் வண்டியில் பி2453 முதலில் வந்தது என்பது முக்கியமான தகவல். அழுத்தச் சென்சாரின் கணக்கை நம்ப முடியாத நிலையில் பல வண்டிகளின் கணினி கரியை எரிக்கும் ரீஜெனரேஷனைப் பாதுகாப்பு கருதித் தொடங்காமல் நிறுத்திவைக்கிறது. எரிக்கப்படாத கரி நாள்தோறும் சேர்ந்து, கடைசியில் பி2463 வந்துவிடுகிறது. ஆகவே இரண்டாவது குறியீடு முதலாவதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் குறியீட்டின் காரணத்தைத் தீர்க்காமல் புதிய டிபிஎஃப் போட்டால், அதுவும் சில மாதங்களில் இதே நிலைக்கு வந்து சேரும்.

சோதனையைச் சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் தொடங்கச் சொல்லுங்கள். அப்போது புகையோட்டமே இல்லாததால் அழுத்த வேறுபாடு சுழியமாகவோ அதை ஒட்டியோ இருக்க வேண்டும். ஸ்கேனரின் நேரடி அளவீட்டில் இருபது, முப்பது மில்லிபார் என்று காட்டினால், ஹோஸ் எனப்படும் அந்த இரு சிறு குழாய்களையும் சென்சாரிலிருந்து கழற்றிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். கழற்றிய பிறகும் அந்த அளவு மாறவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. கழற்றியதும் சுழியத்துக்கு வந்துவிட்டால் ஹோஸ்களுக்குள் தண்ணீரோ கரியோ அடைத்திருக்கிறது. அடுத்து எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் பார்க்க வேண்டும். சுத்தமான வடிகட்டியில் பொதுவாகச் சில மில்லிபார்தான் இருக்கும். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து 3,000 சுற்றுவரை கொண்டுபோகும்போது அளவு தடங்கலின்றி ஏறி, மிதியை விட்டதும் உடனே இறங்க வேண்டும். ஏறாமல் அப்படியே நின்றால் முன்பக்க ஹோஸ் அடைத்திருக்கலாம் அல்லது கிழிந்திருக்கலாம். சுழியத்துக்குக் கீழே போனால் இரண்டு ஹோஸ்களும் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள்; சென்சார் மாற்றிய வண்டிகளில் இது நடக்கக்கூடியதுதான், ஆகவே உங்கள் வண்டியில் அதை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

ஹோஸ்களைக் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது, கையால் வளைத்துப் பார்க்க வேண்டும். டிபிஎஃப் பக்கத்து முனை சூட்டில் காய்ந்து, வளைத்தால்தான் தெரியும் அளவுக்கு வெடித்திருக்கும். தோட்டத்துக் கொட்டகையில் இரவில் நிறுத்தும் வண்டியானால் எலி கடித்த தடத்தையும் தேடுங்கள். டிபிஎஃப்-இல் பற்றவைக்கப்பட்ட இரும்புக் குழாய்களில் கரி இறுகிவிட்டால், ஹோஸைச் சென்சாரிலிருந்து முழுவதுமாகக் கழற்றிய பிறகே மெல்லிய கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். சென்சார் மாட்டியிருக்கும்போது கம்ப்ரசர் காற்றை அந்த ஹோஸில் அடித்தால், மில்லிபார் கணக்கில் அளக்கும் மென்மையான சென்சார் அந்த நொடியிலேயே பழுதாகிவிடும்.

வயரிங்கில் மூன்று கம்பிகள்தான் இருக்கின்றன: 5 வோல்ட், எர்த், சிக்னல். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் 5 வோல்ட் முழுதாக வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழை முடியும் காலத்தில் தொடங்கிய கோளாறு என்பதால், ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்பதையும் நான் கட்டாயம் பார்ப்பேன். இவை எல்லாம் சரியாக இருந்தால், புதிய சென்சாரைப் போட்டபின் அதன் சுழிய அளவை ஸ்கேனர் வழியாகக் கணினிக்குப் பதிவுசெய்து கொடுத்தார்களா என்று கேளுங்கள். பல வண்டிகளில் அந்தப் பதிவு இல்லாமல் புதிய சென்சாரும் பழைய குறியீட்டையே கொண்டுவரும்.

காரணம் தெரிந்து சரிசெய்த பிறகு, சேர்ந்திருக்கும் கரியை எரிக்க வேண்டும். அதற்கு முன் ஆயில் குச்சியைப் பாருங்கள். முடிவுறாத ரீஜெனரேஷன்களில் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசல் எஞ்சின் ஆயிலில் கலப்பதால் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கலாம். அப்படியிருந்தால் ஆயிலை மாற்றாமல் எரிக்கக் கூடாது. கரியின் அளவு தயாரிப்பாளர் அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மூலம் நின்ற இடத்திலேயே எரிக்க முடியும். அப்போது வடிகட்டிக்குள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை எட்டும் என்பதால், காபிச் செடிகளின் காய்ந்த சருகு கிடக்கும் இடத்தில் இதை ஒருபோதும் செய்ய வேண்டாம். எரித்து முடித்தபின் அழுத்த வேறுபாடு இறங்கிவிட்டால் உங்கள் டிபிஎஃப் நல்ல நிலையில் இருக்கிறது. இறங்காவிட்டால் உள்ளே இருப்பது சாம்பல். கரி எரியும், எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வசதி உள்ள இடத்தில் கொடுத்துப் பார்த்து, அதுவும் பலிக்கவில்லை என்றால் மட்டுமே மாற்றுவது பற்றிப் பேசலாம்.

இனிமேல் ஓட்டும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். தோட்டத்துக்குள் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் சிறுசிறு தூரம் ஓடும் வண்டியில் புகைக்குழாய் சூடாகவே நேரம் கிடைப்பதில்லை. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் எஞ்சின் பிரேக்கில் இறங்கும்போது டீசல் தெளிப்பே நின்றுவிடுவதால் புகைக்குழாய் குளிர்ந்துபோகிறது, மேலே தொடங்கிய ரீஜெனரேஷனும் பாதியில் அறுந்துவிடுகிறது. டிபிஎஃப் விளக்கு எரிந்தால், அடிவாரத்தைத் தாண்டிச் சேலம் வந்து, ஓமலூர் வழியாகத் தொப்பூர் நோக்கிச் செல்லும் நாற்கரச் சாலையில் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். திரும்பி ஏறும்போது பாரத்தோடு, சுற்று 2,000-க்குக் கீழே விழாதபடி ஒரு கியர் குறைத்து ஏறுவதும் நல்லது. அந்த ஏற்றத்தின் சூடே கரியின் ஒரு பகுதியைத் தானாகக் கரைத்துவிடும். எஞ்சின் ஆயிலைக் கையேட்டில் சொல்லியிருக்கும் குறைந்த சாம்பல் தரத்தில் மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: செவ்வாய்பேட்டையில் மளிகை மண்டிக்குச் சரக்கு அடிக்கும் பிஎஸ்-6 வேன். டெஃப் திரவம் ஊற்றும் வகை. பி20இஇ என்ற குறியீடு வருகிறது. நாக்ஸ் சென்சார்கள் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது என்ற எச்சரிக்கையும் டேஷ்போர்டில் ஓடுகிறது.
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: பி20இஇ சென்சார் பழுதைக் குறிக்கும் குறியீடே அல்ல. நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் வினையூக்கி எதிர்பார்த்த அளவு வேலை செய்யவில்லை என்பதே அதன் பொருள். சென்சார் தவறாகச் சொன்னாலும் அது வரும். அந்த வினையூக்கி வேலை செய்வதற்காகப் புகையில் தெளிக்கப்படும் டெஃப் திரவத்தின் தரம் குறைந்தாலும், தெளிப்பான் அடைத்தாலும், குழாய் இணைப்பில் கசிந்தாலும் வரும். சென்சார் பழுது என்றால் பொதுவாக பி2200 முதல் பி2203 வரையிலான குறியீடுகளோ, சென்சாருடன் தொடர்பே அறுந்தது என்பதைக் காட்டும் யு029டி போன்ற குறியீடோ உடன் வந்திருக்கும். அவை வந்தனவா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான் முதலில் சந்தேகிப்பது டெஃப் திரவத்தைத்தான். அதில் 32.5 சதவீதம் யூரியா இருக்க வேண்டும். மீதி கனிமம் நீக்கிய தூய நீர். ஐஎஸ்ஓ 22241 என்ற தரநிர்ணயத்தின்படி 25 டிகிரியைத் தாண்டாத இடத்தில் வைத்தால் 18 மாதம், 30 டிகிரிவரை என்றால் 12 மாதம், 35 டிகிரிவரை என்றால் ஆறே மாதம்தான் அது தாங்கும். சித்திரை, வைகாசியில் சேலத்துத் தகரக் கூரையின் கீழ் வாரக்கணக்கில் கிடந்த கேனில் என்ன மிச்சம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சிறிய ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால், டாங்கிலிருந்து எடுத்த சில சொட்டுகளிலேயே யூரியாவின் விகிதம் தெரிந்துவிடும். வயலுக்குப் போடும் யூரியாவை போர்வெல் தண்ணீரில் கரைத்து ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த யூரியாவில் உள்ள மாசும் தண்ணீரின் சுண்ணாம்பும் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியையும் நிரந்தரமாகக் கெடுத்துவிடும். தவறுதலாக டெஃப் டாங்கில் டீசல் விழுந்துவிட்டால் சாவியைக்கூடப் போடாமல், வண்டியைத் தூக்கிச் சென்று டாங்கை முழுவதும் கழுவ வேண்டும்.

திரவம் சரியாக இருந்தால் தெளிப்பானைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் வாயில் வெள்ளைப் படிகம் கட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தாலே கரைந்துவிடும், சுரண்ட வேண்டிய தேவையில்லை. குழாய் இணைப்புகளிலும் இதே வெள்ளைத் தடம் தெரிந்தால் அங்கே கசிவு இருக்கிறது.

இதற்குப் பிறகுதான் நாக்ஸ் சென்சார்களின் முறை வருகிறது. அவற்றைச் சோதிக்க நம் ஊரில் ஓர் அருமையான வசதி இருக்கிறது. சூடான வண்டியில் ஸ்கேனரை மாட்டி, ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அளவைப் பார்த்தபடி ஏற்காட்டிலிருந்து இறங்குங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து முழுவதுமாகக் காலை எடுத்து கியரில் இறங்கும்போது சிலிண்டருக்குள் எதுவும் எரிவதில்லை. எனவே நைட்ரஜன் ஆக்சைடு உண்டாக வழியே இல்லை, குழாயில் ஓடுவது வெறும் காற்று. வினையூக்கிக்கு முன்னால் உள்ள சென்சார் சில நொடிகளில் சுழியத்தை ஒட்டி இறங்க வேண்டும். அப்போதும் அது நூறு, இருநூறு என்று காட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சென்சாரைத் தயங்காமல் சந்தேகிக்கலாம். பின் சென்சார் சற்றுத் தாமதமாக இறங்குவது இயல்புதான், ஏனென்றால் வினையூக்கியில் மிஞ்சிய அம்மோனியாவையும் அது நைட்ரஜன் ஆக்சைடு என்றே எண்ணிக்கொள்ளும். இதே காரணத்தால், டெஃப் அளவுக்கு மேல் தெளிக்கப்பட்டாலும் பின் சென்சார் அதிகமாகக் காட்டி, நல்ல வினையூக்கியின் மீது பழி விழக்கூடும். இரண்டு சென்சார்களையும் ஒரே சமயத்தில் மாற்றச் சொல்பவரிடம், எந்தச் சோதனையில் எது தவறாகக் காட்டியது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அந்த கிலோமீட்டர் எச்சரிக்கையை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். அது சுழியத்தைத் தொட்டபின் அணைக்கப்பட்ட எஞ்சினை மீண்டும் ஓட்டக் கணினி அனுமதிக்காது. மண்டி வாசலில் சரக்கோடு நின்றுவிடுவீர்கள்.

கேள்வி: அஸ்தம்பட்டியிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்லும் பிஎஸ்-4 வேன் என்னுடையது. சேலத்துக்குள் ஓடும்போது எதுவும் இல்லை. மலை ஏறத் தொடங்கினால்தான் பி0299, பி0401 இரண்டும் வருகின்றன, கரும்புகையும் தள்ளுகிறது. இஜிஆர் வால்வைச் சுத்தம் செய்தும் பயனில்லை. மலைக்காற்று மெலிந்திருப்பதால் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: காற்று மெலிகிறது என்பது உண்மை, அதனால் குறியீடு வரும் என்பது உண்மையல்ல. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. காற்றழுத்தம் கீழே 980 மில்லிபாரை ஒட்டியும் மேலே 850-ஐ ஒட்டியும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கணினி தானே அளந்து, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் டீசலையும் அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். அது சரியாக அளக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்: அடிவாரத்தில் எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, இன்டேக் அழுத்தத்தின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், மேலே ஏரிக்கரையில் நிறுத்தி மீண்டும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண்களை ஒட்டி வந்தால் அந்தச் சென்சாரை மாற்றப் பணம் செலவிட வேண்டாம்.

உங்கள் இரண்டு குறியீடுகளையும் ஒரே காரணத்தில் சேர்த்துப் பார்க்க முடியும் என்பது என் கருத்து. பி0299 டர்போ காற்றழுத்தம் போதவில்லை என்கிறது; பி0401, புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வழியாக வரும் புகை போதவில்லை என்கிறது. டீசல் எஞ்சின்களில் இஜிஆர் ஓட்டத்தை நேரடியாக அளக்கும் சென்சார் பெரும்பாலும் இல்லை. உள்ளே வரும் புதிய காற்றை ஏர்ஃப்ளோ சென்சார் அளக்க, மீதியைக் கணினி கணக்குப்போட்டுக்கொள்கிறது. டர்போவுக்கும் அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் இடையிலோ, இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் இடையிலோ உள்ள ஹோஸ் கிழிந்திருந்தால், ஏர்ஃப்ளோ சென்சார் அளந்த காற்றில் ஒரு பகுதி எஞ்சினுக்குள் போகாமல் வெளியேறிவிடுகிறது. கணினியின் கணக்கில் புதிய காற்று அதிகம், ஆகவே இஜிஆர் குறைவு. டர்போ அழுத்தமும் குறைகிறது. அளந்த காற்றுக்கு ஏற்ப டீசல் தெளிக்கப்பட்டு, உண்மையில் உள்ளே இருக்கும் காற்று போதாமல் கரும்புகையும் வருகிறது. ஊருக்குள் டர்போ பெரிதாக ஊதாததால் கிழிசல் மூடியிருக்கும். மலைப் பாரத்தில் ஹோஸ் உப்பும்போது அது திறந்துகொள்ளும்.

ஹோஸ்களின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், ஆயில் ஈரம் இருக்கும் இடத்தில்தான் கிழிசல் இருக்கும். கிளாம்ப் தளர்ந்திருப்பதும் உண்டு. எதுவும் கிடைக்கவில்லை என்றால் ஹோஸ்களுக்குள் புகையைச் செலுத்திக் கசிவைக் காட்டும் சோதனை இயந்திரம் உள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

கேள்வி: ஓமலூரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பி0546 என்று வருகிறது, புகைக்குழாய் வெப்பச் சென்சார் ‘ஹை’ என்று ஸ்கேனரில் இருக்கிறது. குழந்தைகள் போகும் வண்டி. தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகிறதா என்று பயமாக இருக்கிறது.
(ஒரு வாசகர், ஓமலூர்)

பதில்: உங்கள் அக்கறை நியாயமானது. ஆனால் அந்த ‘ஹை’ வெப்பத்தைக் குறிக்கவில்லை, சென்சாரின் மின்சுற்றில் வோல்டேஜ் அதிகமாக இருப்பதைக் குறிக்கிறது. பெரும்பாலும் கம்பி அறுந்திருக்கும், கனெக்டர் கழன்றிருக்கும், அல்லது சென்சார் உள்ளுக்குள் அறுந்திருக்கும். காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில், எஞ்சினை ஓட்டாமல் ஸ்கேனரில் எல்லா வெப்ப அளவுகளையும் வரிசையாகப் பாருங்கள். கூலண்ட், உள்வரும் காற்று, புகைக்குழாய்ச் சென்சார்கள் ஆகிய எல்லாமே ஏறத்தாழ அன்றைய காலை வெப்பத்தையே காட்ட வேண்டும். ஒன்று மட்டும் எட்டாத உயரத்தில் நின்றால் அதன் கனெக்டரையும், புகைக்குழாயை உரசி உருகிய கம்பியையும் முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ரீஜெனரேஷன் நடக்காமல் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: டிபிஎஃப்-இன் உட்பகுதியை எடுத்துவிட்டு, சாஃப்ட்வேரில் குறியீடே வராதபடி செய்துகொடுக்கிறார்கள். செலவு குறைவு, மைலேஜும் கூடுகிறதாம். செய்யலாமா?
(ஒரு வாசகர், ஆத்தூர்)

பதில்: செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த நிலையிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மாசு விதிகளை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை உண்டு.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் என் பதில் மாறாது. டிபிஎஃப் பிடித்துவைப்பது கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை மட்டுமல்ல. நுரையீரலின் அடிவரை சென்று தங்கும் மிக நுண்ணிய கரித்துகள்களையும்தான். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. ஆத்தூரின் நெரிசலான கடைத்தெருவில் உங்கள் வேனுக்குப் பின்னால் இருசக்கர வாகனத்தில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து வருபவர் அந்தத் துகளைத்தான் சுவாசிக்கிறார். மேலும், டிபிஎஃப் அடைத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது: கசியும் இன்ஜெக்டர், கிழிந்த ஹோஸ், ஆயில் தள்ளும் டர்போ போன்ற ஏதோ ஒன்று. குறியீட்டை மறைத்துவிட்டால் அந்தக் கோளாறு அறிவிப்பின்றி வளர்ந்து எஞ்சினைத் தொடும். வாட்டர் சர்வீஸ் பம்பின் அழுத்தத்தில் டிபிஎஃப்-ஐக் கழுவுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் செராமிக் சுவரும் அதன் மேற்பூச்சும் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல.

கேள்வி: செல்போனோடு இணையும் சிறிய புளூடூத் ஸ்கேனர் வாங்கினால் மேலே நீங்கள் சொல்வதையெல்லாம் நாங்களே பார்க்க முடியுமா? விளக்கு எரிந்தால் அதிலேயே அழித்துக்கொள்கிறோம்.
(ஒரு வாசகர், தாரமங்கலம்)

பதில்: குறியீட்டைப் படிக்கவும், கூலண்ட் வெப்பம், இன்டேக் அழுத்தம், ஏர்ஃப்ளோ போன்ற பொது அளவுகளைப் பார்க்கவும் அது போதும். டிபிஎஃப் கரி அளவு, நாக்ஸ் சென்சார் அளவு ஆகியவை சில வண்டிகளில் மட்டும் வரும்; ரீஜெனரேஷனைத் தொடங்குவது, சுழியப் பதிவு செய்வது போன்ற வேலைகளுக்கு ஒர்க்‌ஷாப்பின் முழுமையான ஸ்கேனர் வேண்டும். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன், கையில் அளவு இருக்கும் வாடிக்கையாளரிடம் யாரும் யோசித்துத்தான் பேசுவார்கள்.

அழிப்பதைப் பற்றி மட்டும் ஒரு கண்டிப்பான வேண்டுகோள். குறியீடு பதிவான அந்தக் கணத்தில் வேகம், சுற்று, பாரம், கூலண்ட் வெப்பம் ஆகியவை என்னவாக இருந்தன என்பதைக் கணினி ‘ஃப்ரீஸ் ஃபிரேம்’ என்ற பதிவாகச் சேமித்துவைக்கிறது. குறியீட்டை அழித்தால் அதுவும் போய்விடும்; பேட்டரி முனையைக் கழற்றினாலும் பல வண்டிகளில் இதே கதிதான். பழுது மலையேற்றத்தில் வந்ததா, குளிர்ந்த எஞ்சினில் வந்ததா என்ற ஒரே தடயம் அங்கேதான் இருக்கிறது. எனவே விளக்கு எரிந்ததும் முதலில் எல்லாக் குறியீடுகளையும், நிலுவையில் உள்ளவை என்று தனியாகக் காட்டப்படுபவை உட்பட, அந்த ஃப்ரீஸ் ஃபிரேம் பக்கத்தோடு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு பாரத்தோடு ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி எழுதிக்கொண்டு, அழிக்காமல் மெக்கானிக்கிடம் எடுத்துச் செல்லுங்கள்.